நாலு பாகம் மாற்றியதும் நின்றுபோன ஸ்டுடியோ கணினி: ஒரு நிகழ்வு ஆய்வு

திண்டுக்கல்லில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் சின்ன ஸ்டுடியோ ஒன்று. அங்கே 2019-ல் பூட்டிய டெஸ்க்டாப் ஒன்று பல வருடம் பிரச்சினை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பி450 சிப்செட் மதர்போர்டு, ரைசன் 5 2600 பிராசசர், இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ராம், ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு, பாகங்களுக்கு மின்சாரம் தரும் 550 வாட் எஸ்எம்பிஎஸ். அன்றைக்கு அந்த வேலைக்கு இது தாராளம்.

இப்போது அப்படி இல்லை. ஆல்பத்தில் ஒரு விரிப்பு, அதாவது விரித்தால் தெரியும் இரண்டு பக்கமும் சேர்ந்து, 12க்கு 36 அங்குலம். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வைத்தால் 3600க்கு 10800 பிக்சல், அதாவது கிட்டத்தட்ட 3.9 கோடி பிக்சல். போட்டோஷாப்பில் ஒரே ஒரு லேயர் 117 எம்பி பிடிக்கும். 16 பிட்டில் திறந்தால் அதுவே இரட்டிப்பு. நாற்பது லேயர், கூடவே பின்னணியில் 4கே வீடியோ எடிட்டிங் என்றால் 16 ஜிபி மூச்சு முட்டும். முகூர்த்த மாதம் நெருங்கியதும் ஸ்டுடியோ தம்பி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற முடிவு செய்துவிட்டார். பிராசசருக்கு ரைசன் 7 5700எக்ஸ், கிராஃபிக்ஸுக்கு ஆர்டிஎக்ஸ் 3060, ராம் பக்கம் இரண்டு 16 ஜிபி கூடுதலாக, விண்டோஸுக்கு வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி ஒன்று, அத்தோடு இரண்டாவது மானிட்டர். பழைய எஸ்எஸ்டியில் இருந்த விண்டோஸை அவரே என்விஎம்இக்குக் குளோன் செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரை வைத்துக்கொண்டு மற்ற பாகங்களையும் மாற்றினார். அன்று மாலை கணினி எழுந்திருக்கவில்லை.

நான் கணினி பழுதுபார்ப்பவன். மேம்படுத்திய பிறகு படுத்துவிட்ட மெஷின்கள் என் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் எந்தப் பாகமும் கெட்டிருப்பதில்லை. பாகங்களுக்குள் ஏற்கெனவே இருந்த பொருத்தம் எங்கேயோ விட்டுப்போயிருக்கும். இந்தக் கணினியில் அப்படி நாலு இடத்தில் விட்டுப்போயிருந்தது. ஒன்றைச் சரிசெய்தால்தான் அடுத்தது கண்ணில் பட்டது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

டிஸ்ப்ளே இல்லை

மெஷின் வந்தபோது நிலைமை இதுதான்: பொத்தானை அழுத்தினால் விசிறிகள் சுற்றுகின்றன, ராமில் வண்ண விளக்கு எரிகிறது, கிராஃபிக்ஸ் கார்டு விசிறி ஒரு சுற்று சுற்றி நிற்கிறது. திரையில் ஒன்றும் இல்லை. கீபோர்டில் நம்லாக் அழுத்திப் பார்த்தேன், விளக்கு எரியவில்லை. அந்த விளக்கு அழுத்த அழுத்த எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, கோளாறு டிஸ்ப்ளே பக்கம் என்று ஒதுக்கிவிடலாம். இங்கே அதுவும் இல்லை.

"புது பிராசசர் டெட் போல இருக்குண்ணே, திருப்பி அனுப்பிடவா?" என்றார் தம்பி. கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி மாட்டியிருக்கிறார், ராமை இடம் மாற்றிப் போட்டிருக்கிறார், மானிட்டர் கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐயிலும் செருகிப் பார்த்திருக்கிறார். கடைசியாகச் சொன்னது இந்த மெஷினில் என்றைக்கும் வேலை செய்யாது. 2600, 5700எக்ஸ் இரண்டிலுமே உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருந்தாலும், கிராஃபிக்ஸ் உள்ள பிராசசர் போட்டால்தான் அது பேசும். அங்கே படம் வராததை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

ஒரே நேரத்தில் நாலைந்து பொருள் மாறியிருக்கும்போது புதுப் பொருள்களை ஒவ்வொன்றாகச் சந்தேகித்துக்கொண்டு போனால் முடிவே கிடைக்காது. கடைசியாக நன்றாக ஓடிய நிலைக்கு முதலில் திரும்ப வேண்டும். பழைய பாகங்களைத் தம்பி பத்திரமாக எடுத்து வந்திருந்தார். அது பெரிய உதவி. மேம்படுத்தியதும் பழையதை விற்றுவிடுகிறவர்களுக்கு நான் கெஞ்சிச் சொல்வது இதைத்தான்: புது மெஷின் ஒரு மாதமாவது ஒழுங்காக ஓடட்டும், அப்புறம் விற்கலாம்.

பழைய பிராசசர் புதிதின் டப்பாவிலேயே இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஏஎம்4 சாக்கெட்டுக்கான பிராசசர்களில் 1331 பின்கள் அடிப்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். ஹீட்சிங்கை நேராக மேலே இழுத்தால், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் பசைபோலப் பிடித்துக்கொண்டு பிராசசரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இங்கேயும் அப்படித்தான் வந்திருக்கிறது. ஓர வரிசையில் ஒரு பின் மட்டும் பக்கத்துப் பின்னைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்திருந்தது. லெட் எடுத்த மெக்கானிக்கல் பென்சிலின் முனைக்குள் அந்தப் பின்னை நுழைத்து, மெல்ல நிமிர்த்தினேன். வரிசையில் இரண்டு திசையிலும் கண்ணை ஓட்டி, எல்லாம் ஒரே கோட்டில் நிற்பதை உறுதிசெய்துகொண்டுதான் சாக்கெட்டில் வைத்தேன். கழற்றுவதற்கு முன் மெஷினைக் கொஞ்ச நேரம் சுமையில் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, அணைத்ததும் ஹீட்சிங்கை இடமும் வலமுமாகத் திருகி எடுத்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

பழைய பிராசசர், ஒரே ஒரு பழைய ராம், பழைய கிராஃபிக்ஸ் கார்டு. பொத்தானை அழுத்தினேன், டிஸ்ப்ளே வந்துவிட்டது. மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், கேபிள், கேபினெட் பொத்தான் எல்லாம் சந்தேகப் பட்டியலிலிருந்து ஒரே அடியில் விலகின.

அடுத்து பயாஸ் திரை. மெஷின் எழும்போது முதலில் ஓடும், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்தான் பயாஸ். மேல் ஓரத்தில் பதிப்பு எண்ணும் தேதியும் இருந்தன. ஆண்டு 2019. மதர்போர்டு வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை. ரைசன் 5000 வரிசை விற்பனைக்கு வந்ததே 2020 நவம்பரில். பி450 போர்டுகளுக்கு அந்த வரிசையைத் தாங்கும் பயாஸ் அதற்கும் பின்னால், 2021 தொடக்கத்தில் இருந்துதான் பரவலாகக் கிடைத்தது. 5700எக்ஸ் வந்தது 2022-ல். 2019 பயாஸுக்கு இந்தப் பிராசசரைத் தெரிந்திருக்க வழியே இல்லை. சாக்கெட் ஒன்றுதான், பின் எண்ணிக்கை ஒன்றுதான், அச்சாகப் பொருந்தும். ஆனாலும் பயாஸ் அதை அடையாளம் காணாமல் அப்படியே நின்றுவிடும்.

இன்னொன்று. இந்தப் போர்டின் ஓரத்தில் நாலு குட்டி எல்இடிகள் உண்டு. பிராசசர், ராம், கிராஃபிக்ஸ், பூட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. எந்தக் கட்டத்தில் மெஷின் நிற்கிறதோ அந்த விளக்கு எரியும். 24 பின் மின்கேபிள் வளைந்து வந்து அவற்றை மறைத்திருந்தது. கேபிளை விலக்கிவிட்டு 5700எக்ஸை மறுபடி போட்டுப் பார்த்தபோது முதல் விளக்கு சிவப்பாக நின்றது. "அது சும்மா அழகுக்குன்னு நினைச்சேண்ணே" என்றார் தம்பி. இந்த விளக்குகள் இல்லாத போர்டு என்றால் ஒரு குட்டி ஸ்பீக்கர் வாங்கி மாட்டினால் போதும், பீப் ஒலியை வைத்துப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பயாஸ் மாற்றுவதில் நான் அவசரப்படுவதே இல்லை. போர்டின் பெயர் மட்டும் போதாது. அதன் மேல் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணையும் பார்க்க வேண்டும், ஒரே பெயரில் இரண்டு ரிவிஷனுக்கு வேறு வேறு பயாஸ் இருப்பதுண்டு. சில போர்டுகளில் பழையதிலிருந்து நேரே புதியதற்குத் தாவ முடியாது, இடையில் ஒரு பதிப்பைப் போட்டாக வேண்டும். தயாரிப்பாளரின் பக்கத்தில் ஒவ்வொரு பதிப்பின் கீழும் எழுதியிருக்கும் குறிப்புகளை முழுதாகப் படித்தால் இது தெரியும். பென் டிரைவை ஃபேட்32-ல் ஃபார்மட் செய்து, பழைய பிராசசர் மாட்டியிருக்கும்போதே பயாஸை ஏற்றினேன். ஏற்றும் அந்தச் சில நிமிடத்தில் மின்சாரம் போனால் போர்டு செத்துவிடலாம் என்பதால் மெஷின் என்னுடைய யூபிஎஸ்ஸில் இருந்தது.

புதுப் பிராசசரோடு முதல் தடவை எழுந்ததும் திரையில் ஒரு கேள்வி வந்தது: பிராசசர் மாறியிருக்கிறது, எஃப்டிபிஎம்மை (பிராசசர் வழியே பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் அமைப்பு) அழித்துப் புதிதாகத் தொடங்கவா, ஆம் என்றால் ஒய், வேண்டாம் என்றால் என். நிறையப் பேர் இதைப் படிக்காமலே ஒய் தட்டிவிடுகிறார்கள். டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இயக்கத்தில் இருந்து, அதன் மீட்புச் சாவி கையில் இல்லை என்றால், அந்த ஒரு தட்டில் விண்டோஸுக்குள் போகும் கதவு மூடிக்கொள்ளும். சாவி இல்லாமல் அதை யாராலும் திறந்து தர முடியாது. அதனால் பழைய பிராசசரில் விண்டோஸ் திறந்திருந்தபோதே என்க்ரிப்ஷன் நிலையைப் பார்த்து வைத்திருந்தேன். அணைந்திருந்தது. பிறகுதான் ஒய் தட்டினேன்.

டிஸ்ப்ளே வந்தது, விண்டோஸ் வந்தது. தம்பி முகத்தில் சிரிப்பும் வந்தது. அடுத்த நிமிடமே, "டி டிரைவ் எங்கேண்ணே?"

காணாமல் போன டிரைவ்

இது சீக்கிரம் முடிந்த விஷயம். படங்கள் எல்லாம் இருந்த 4 டிபி ஹார்ட் டிஸ்க் பயாஸிலேயே தெரியவில்லை. காதை வைத்துக் கேட்டால் சுற்றும் ஒலி வருகிறது, ஆக மின்சாரம் போகிறது. மதர்போர்டின் கையேட்டைப் புரட்டினேன். என்விஎம்இ மாட்டும் எம்.2 இடத்தில் டிரைவ் போட்டால், ஹார்ட் டிஸ்க் கேபிள் செருகும் சாட்டா போர்ட்டுகளில் ஐந்தாவதும் ஆறாவதும் அணைந்துவிடும் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. சிப்செட்டில் தரவுத் தடங்கள் அளவோடுதான் இருக்கின்றன. சில போர்டுகளில் எம்.2-வும் சாட்டாவும் அவற்றைப் பங்குபோட்டுக்கொள்ளும். என்விஎம்இ வந்தது, ஐந்தாவது போர்ட்டில் இருந்த டிஸ்க் காணாமல் போனது. கேபிளை இரண்டாவது போர்ட்டுக்கு மாற்றினேன், டிஸ்க் வந்துவிட்டது.

இந்த மாதிரி நேரத்தில் டிஸ்க் போய்விட்டது என்று பயந்து டேட்டா ரெக்கவரி கடைக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். கையேட்டில் ஒரு வரியைப் படித்தால் தீர்கிற விஷயத்துக்கு இவ்வளவு பதற்றம் வேண்டியதில்லை.

புடவையின் குறுக்கே ஒரு பட்டை

அந்த வாரமே தம்பி மறுபடி அழைத்தார். போட்டோஷாப் தானாக மூடிக்கொள்கிறது, சில சமயம் நீலத்திரை வருகிறது, சில சமயம் மெஷினே அணைந்துவிடுகிறது. அவர் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான் வைத்திருந்தார்: "ஆஃப் ஆயிடுதுண்ணே." அந்த ஒரு வார்த்தைக்குள் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒளிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

வாட்ஸ்அப்பில் ஒரு படமும் அனுப்பினார். முகூர்த்தப் படம். மணப்பெண்ணின் அரக்குப் புடவையின் குறுக்கே, இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, இடமிருந்து வலமாக மெல்லிய பச்சைப் பட்டை. அதற்குக் கீழே படம் ஒரு விரல் அகலம் விலகியிருந்தது. ஜேபெக் ஃபைல் ஒழுங்காகத் திறக்கிறது, எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. நீலத்திரையைவிட இந்தப் பட்டைதான் என்னைக் கவலைப்படுத்தியது. நீலத்திரை வந்தால் வேலை நிற்கும், அவ்வளவுதான். நினைவகம், அதாவது ராம், பொய் சொன்னால் வேலை நடப்பதுபோலவே நடந்துகொண்டு, கெட்டுப்போன படம் டிஸ்க்கில் உட்கார்ந்துவிடும். லேபில் அச்சாகி வீட்டுக்குப் போன பிறகுதான் யார் கண்ணிலாவது படும்.

நீலத்திரையில் இருந்த பெயர் மெமரி மேனேஜ்மெண்ட். மெஷினைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி, பென் டிரைவில் மெம்டெஸ்ட் போட்டு, விண்டோஸ் இல்லாமல் நேரே ராமைச் சோதித்தேன். நாலு ராமும் மாட்டி, பெட்டியில் போட்டிருந்த 3200 வேகத்தைத் தரும் எக்ஸ்எம்பி அமைப்பு இயக்கத்தில் இருந்தபோது, முதல் சுற்று முடிவதற்குள்ளேயே சிவப்பு வரிகள் வந்தன. இதில் 'ஒன்றிரண்டு பிழை பரவாயில்லை' என்ற பேச்சுக்கே இடமில்லை. நல்ல ராமில் பிழை எண்ணிக்கை பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும்.

பழைய ஜோடியை மட்டும் போட்டேன், 3200-ல் ஒரு பிழை இல்லை. புது ஜோடியை மட்டும் போட்டேன், அதுவும் சுத்தம். நாலையும் சேர்த்து வேகத்தை 2666-க்கு இறக்கினேன், அப்போதும் பிழை இல்லை. ஆக, நாலு ராமும் நல்ல ராம்தான். நாலும் சேர்ந்து 3200-ல் ஓடுவதுதான் முடியவில்லை.

காரணம் மறைவானது ஒன்றுமில்லை. பெட்டியில் இருக்கும் எக்ஸ்எம்பி வேகம், அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஜோடிக்கு ராம் தயாரிப்பாளர் தரும் உறுதி. அதை வேறு ஜோடியோடு சேர்த்தால் அந்த உறுதி அங்கேயே முடிந்துவிடும். பிராசசர் பக்கமும் கணக்கு உண்டு. ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம், இரண்டு ராம் என்றால் 3200, ஒற்றை ரேங்க் ராம் நாலு என்றால் 2933, இரட்டை ரேங்க் நாலு என்றால் 2667. (ரேங்க் என்பது ஒரு ராமில் சேர்ந்து இயங்கும் சிப்களின் தொகுதி.) ராம் எண்ணிக்கை கூடக் கூடப் பிராசசருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்படுத்திக்குச் சுமை ஏறும். இங்கே இரண்டு அளவு, இரண்டு டைமிங், எல்லாம் ஒரே வண்டியில்.

தம்பிக்கு இரண்டு வழி சொன்னேன். நாலையும் வைத்துக்கொண்டு 48 ஜிபியாக 2666-ல் ஓட்டலாம். அல்லது பழையதைக் கழற்றிவிட்டு 32 ஜிபியை 3200-ல் ஓட்டலாம். அவருடைய வேலையைக் கூட உட்கார்ந்து பார்த்தேன். போட்டோஷாப்பும் வீடியோ எடிட்டரும் சேர்ந்து ஓடும்போதும் நினைவகம் 32-ஐத் தொடவில்லை. பழையதைக் கழற்றிவிடுவோம் என்றேன். "காசு போட்டு வாங்கினதுண்ணே" என்று தயங்கினார். அதை எங்கே போடலாம் என்று சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார். புது ஜோடியைப் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் மாட்டினேன். இரண்டே ராம் போடும்போது பெரும்பாலான போர்டுகளின் கையேடு சொல்லும் இடம் அதுதான். மெம்டெஸ்ட்டை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் பிழை பூஜ்யம்.

அதோடு ஒரு வேலையை வற்புறுத்திச் செய்யவைத்தேன். நாலு ராம் இருந்த நாள்களில் கேமரா கார்டிலிருந்து டிஸ்க்குக்கு வந்த மூலப்படங்களை நம்பக்கூடாது, நகல் எடுக்கும்போதும் பிழையான ராம் வழியாகத்தான் தரவு போயிருக்கிறது. கார்டுகளை இன்னும் அழிக்கவில்லை என்பது நல்ல காலம். எல்லாவற்றையும் மறுபடி நகலெடுத்து, கார்டில் இருப்பதற்கும் டிஸ்க்கில் இருப்பதற்கும் செக்சம், அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண், ஒப்பிட்டுப் பார்த்தோம். மென்பொருளிலிருந்து ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) செய்த ஜேபெக்குகளுக்கு அந்த வழி இல்லை, கெட்டுப்போன படத்துக்கும் செக்சம் ஒழுங்காகத்தான் வரும். அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

என் மேஜையில் ஓடுகிறது, அங்கே அணைகிறது

ராம் சரியானதும் பிராசசரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் ஒரே நேரத்தில் முழுச் சுமையில் மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்தேன். சூடு அளவோடு இருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் கம்பியில் மல்டிமீட்டர் வைத்தேன். கணினி எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதி 11.4-லிருந்து 12.6 வரை அனுமதிக்கிறது. இங்கே 12-ஐ ஒட்டியே நின்றது. 170 வாட் கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் எஸ்எம்பிஎஸ் 550 வாட், இதுவும் 550. நிம்மதியாக அனுப்பி வைத்தேன்.

மறுபடி அழைப்பு. நீலத்திரை இல்லை, போட்டோஷாப் மூடவில்லை, பட்டை இல்லை. ஆனால் வீடியோ ஏற்றுமதி நடக்கும்போது, எப்போதாவது, சட்டென்று இருட்டு. பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி எழுந்திருக்கிறது.

விண்டோஸ் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 இருந்தது. இந்த எண்ணைப் பார்த்ததும் 'எஸ்எம்பிஎஸ் போச்சு' என்று தீர்ப்பு எழுதிவிடுகிற பழக்கம் நம் சர்வீஸ் தொழிலில் இருக்கிறது. 41 சொல்வதெல்லாம், போன தடவை ஒழுங்காக மூடப்படவில்லை என்பதை மட்டும்தான். அதன் விவரத்துக்குள் பக்செக் கோட் என்று ஒரு வரி இருக்கும். அங்கே எண் இருந்தால் விண்டோஸ் நீலத்திரை போட்டுவிட்டு விழுந்திருக்கிறது. பூஜ்யம் என்றால், விண்டோஸுக்கு எழுதக்கூட நேரமில்லாமல் மின்சாரம் போயிருக்க வாய்ப்பு அதிகம். இங்கே பூஜ்யம்.

மின்சாரம் எங்கே போனது? எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளா, அதற்கு முன்னாலா? போனில் ஒன்றே ஒன்று கேட்டேன்: "அணைஞ்சதும் மானிட்டர்ல என்ன தெரிஞ்சுது?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மானிட்டர் கம்பெனி லோகோ வந்துச்சுண்ணே. அப்புறம் நோ சிக்னல்னு வந்துச்சு."

அந்த லோகோதான் விடை. கணினி மட்டும் அணைந்தால், மானிட்டர் மின்சாரத்தோடு தான் இருக்கும். நேரே நோ சிக்னல் என்று காட்டிவிட்டுத் தூங்கப் போகும். லோகோ வருகிறது என்றால் மானிட்டருக்கும் ஒரு கணம் மின்சாரம் நின்று திரும்பியிருக்கிறது. மானிட்டர் எஸ்எம்பிஎஸ் வழியாக மின்சாரம் எடுப்பதில்லை. இரண்டுக்கும் பொதுவான இடம் யூபிஎஸ். என் மேஜையில் ஓடியதற்கும் அங்கே அணைந்ததற்கும் வேறுபாடும் அதுதான். மெஷின் என்னிடம் வந்தது, யூபிஎஸ் ஸ்டுடியோவிலேயே இருந்துவிட்டது.

நேரில் போனேன். மேஜைக்கு அடியில் 600 விஏ யூபிஎஸ். பின்னால் ஒட்டியிருந்த தாளில் 360 வாட் என்று இருந்தது. 600 என்பதை வாட் என்று நினைத்துக்கொள்பவர்கள் அதிகம். இவ்வகை யூபிஎஸ்ஸில் உண்மையில் தாங்கும் வாட், விஏ எண்ணில் சுமார் அறுபது சதவீதம்தான்.

பழைய மெஷினுக்குக் கணக்குப் போட்டேன். பிராசசர் 65, கிராஃபிக்ஸ் 120, மற்றவை ஒரு 50. எஸ்எம்பிஎஸ்ஸின் இழப்பைச் சேர்த்தால் சுவரிலிருந்து 275 போல. ஒரு மானிட்டரோடு 305. 360-க்குள் அடங்கிவிட்டது. புது மெஷினில் கிராஃபிக்ஸ் மட்டும் 170. பிராசசர் பெட்டியில் 65 வாட் என்று இருந்தாலும் முழு வேகத்தில் அதற்கு மேல் கொஞ்சம் இழுக்கும். கூடவே மானிட்டர் இரண்டு. பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரை வைத்து வீடியோ ஏற்றுமதி ஓடவிட்டேன். எண் 370-க்கும் 400-க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தது.

"ஆனா கரண்ட் போனா யூபிஎஸ் தாங்குதேண்ணே, நேத்துகூடப் போச்சு" என்றார் தம்பி. அவர் சொன்னதும் உண்மைதான். டெஸ்க்டாப்பில் ஒன்றும் ஓடாமல் யூபிஎஸ் பிளக்கைச் சுவரிலிருந்து உருவினேன். பீப் ஒலி வந்தது, எதுவும் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரில் அப்போது 110 வாட் பக்கம்தான். பிளக்கைத் திரும்பச் செருகி, ஏற்றுமதியை ஓடவிட்டு, சுமை ஏறியதும் மறுபடி உருவினேன். டிக் என்று ரிலே அடித்தது, ஒரு நீளமான பீப், இரண்டு திரையும் இருட்டு.

மின்சாரம் சுவரிலிருந்து வரும்வரை இந்த யூபிஎஸ் அதை அப்படியே கடத்திவிடுகிறது, அதிகச் சுமை அதைப் பெரிதாக உறுத்துவதில்லை. பேட்டரிக்கு மாறும் கணத்தில்தான் தன் இன்வெர்ட்டரால் தூக்க வேண்டிவருகிறது, முடியாமல் கைவிடுகிறது. மாறுவதற்கு எடுக்கும் சில மில்லிநொடிகளை எஸ்எம்பிஎஸ்ஸின் கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் ஈடுகட்டும், அதற்கென்றே ஏறத்தாழ 16 மில்லிநொடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்று ஏடிஎக்ஸ் விதி சொல்கிறது. ஆனால் மாறிய பிறகும் மின்சாரம் வரவில்லை என்றால் எந்தக் கெப்பாசிட்டரும் காப்பாற்றாது.

சரி, மின்வெட்டே இல்லாத நேரத்திலும் அணைகிறதே, அது ஏன்? காத்திருந்தோம். பின்பக்கம் ஒரு லாட்ஜ். மாலையில் அங்கே போர்வெல் மோட்டாரைப் போட்டார்கள். டியூப் லைட் ஒரு கணம் மங்கி நிமிர்ந்தது, யூபிஎஸ் டிக் என்றது, ஏற்றுமதியில் இருந்த கணினி அணைந்தது. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் அது ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு. அந்தக் கணத்தில் அக்கம்பக்கத்து வோல்டேஜ் சரிகிறது. யூபிஎஸ் அதை மின்வெட்டு என்று எடுத்துக்கொண்டு பேட்டரிக்குத் தாவுகிறது. மோட்டார் போடுவதும் ஏற்றுமதி ஓடுவதும் ஒரே கணத்தில் சேரும்போது மட்டும் அணைகிறது. அதனால்தான் 'எப்போதாவது'.

உறுதிப்படுத்த, யூபிஎஸ்ஸை விலக்கிவிட்டு மெஷினை நேரே சுவரில் மாட்டினோம். லாட்ஜில் கேட்டுக்கொண்டு மோட்டாரை அணைத்துப் போடச் சொன்னோம். விளக்கு மங்கியது, ஏற்றுமதி பாட்டுக்கு ஓடியது. இன்றைய எஸ்எம்பிஎஸ்களில் பல நூறு வோல்ட்டிலிருந்து வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. அவ்வளவு சின்னச் சரிவு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பாதுகாப்புக்காக வைத்திருந்த யூபிஎஸ்தான் அங்கே அணைத்துக்கொண்டிருந்தது. அப்படியே பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்தேன், எர்த்திங் ஒழுங்காக இருந்தது.

புது எஸ்எம்பிஎஸ் வாங்கியிருந்தால் பணம் போயிருக்கும், கோளாறு அப்படியே இருந்திருக்கும். கிராஃபிக்ஸ் கார்டைத் திருப்பி அனுப்பியிருந்தால் கடைக்காரர் சோதித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று திருப்பித் தந்திருப்பார். கேபினெட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தால் இது கிடைத்திருக்காது. பாகம் மாற்றும்போது எஸ்எம்பிஎஸ் வாட்டைக் கணக்குப் போடுகிறவர்கள்கூட யூபிஎஸ்ஸை எண்ணுவதில்லை. மின்சாரம் நிலையில்லாத நம் ஊர்களில் அதையும் கணினியின் ஒரு பாகமாகவே வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

1000 விஏ, 600 வாட், சுத்தமான சைன் அலை தரும் யூபிஎஸ் வாங்கச் சொன்னேன். விலை குறைந்த யூபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது படிக்கட்டு மாதிரியான அலையைத்தான் தருகின்றன. மின்னோட்டத்தைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி சுற்று உள்ள எஸ்எம்பிஎஸ்களில் சில அதை ஏற்காமல் முரண்டு பிடிக்கும். இவருடைய எஸ்எம்பிஎஸ் அந்த வகை. யூபிஎஸ் வந்து சேரும்வரை வேலை நிற்க முடியாது, முகூர்த்த நாள்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. அதனால் கிராஃபிக்ஸ் கார்டின் மின் வரம்பை மென்பொருளில் 130 வாட்டுக்கு இறக்கி, இரண்டாவது மானிட்டரை நேரே சுவரில் மாட்டிக் கொடுத்தேன். மொத்தம் 360-க்குக் கீழே வந்தது. ஏற்றுமதி கொஞ்சம் மெதுவானாலும் அணையவில்லை.

புது யூபிஎஸ் வந்த அன்று வரம்பைப் பழையபடி ஏற்றி, இரண்டு மானிட்டரையும் அதிலேயே மாட்டி, முழுச் சுமையில் பிளக்கை உருவினேன். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார். பீப் மட்டும் வந்தது, ஏற்றுமதிப் பட்டை நகர்ந்துகொண்டே இருந்தது. பேட்டரியில் சில நிமிடம் விட்டுவிட்டுத் திரும்பச் செருகினேன்.

அதற்கு அடுத்த நாள்களில் அவர் ஏற்றுமதி செய்திருந்த விரிப்புகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். பட்டை விழுந்தவற்றை மறுபடி ஏற்றுமதி செய்து லேபுக்கு அனுப்பினார்; நல்லவேளையாக அவற்றில் எதுவும் அதுவரை அச்சுக்குப் போயிருக்கவில்லை. கழற்றிய 8 ஜிபி ராம் இரண்டும் முன்பக்கக் கவுண்டரில் பில் போடும் கணினிக்குப் போயின. பழைய 600 விஏ யூபிஎஸ்ஸும் அங்கேதான் இருக்கிறது, அந்தக் கணினியையும் ரவுட்டரையும் தாங்கிக்கொண்டு.